உள்ளூர் படைப்பாளர் அரங்கு: மாவட்டப் புத்தகத் திருவிழாவில் முதலில் போக வேண்டிய இடம்

மாவட்டப் புத்தகத் திருவிழா என்றதும் நிறையப் பேர் என்னிடம் கேட்பது, "சென்னையில் போடுகிற அதே கடைகள்தானே இங்கேயும் வரும், அதற்கு எதற்கு மெனக்கெட்டுப் போக வேண்டும்?" என்றுதான். கடைகளைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது சரி. பெரிய பதிப்பகங்கள் எல்லா ஊருக்கும் ஏறக்குறைய ஒரே சரக்கைத்தான் லாரியில் ஏற்றி அனுப்புகின்றன. தள்ளுபடியும் அதே 10 சதவீதம். ஆனால் உள்ளூர் படைப்பாளர் அரங்கு என்று ஒன்று வைக்கிறார்களே, அதில் இருக்கும் புத்தகங்களில் முக்கால்வாசி சென்னையிலும் கிடைக்காது, இணையத்திலும் கிடைக்காது. எழுதியவர் வீட்டுப் பரணில் மிச்சம் இருந்தால் உண்டு. அதனால்தான் இந்த ஒரு அரங்கைப் பற்றி மட்டும் தனியாக எழுதுகிறேன்.

நான் பொது நூலகத் துறையில் கிளை நூலகராக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு முன்பெல்லாம் புத்தகக் கண்காட்சி என்றால் ஜனவரியில் சென்னைக்கு ரயில் ஏற வேண்டும். இல்லாவிட்டால் 1998 முதல் நடக்கும் நெய்வேலி, 2005 முதல் நடக்கும் ஈரோடு. 2022க்குப் பிறகு அரசே எல்லா மாவட்டங்களிலும் புத்தகத் திருவிழா நடத்தத் தொடங்கியது பெரிய மாற்றம். பத்தாம் வகுப்புப் பாடநூலைத் தாண்டி வேறு புத்தகத்தைக் கையில் எடுத்துப் பார்க்காத பிள்ளைகள், பள்ளிப் பேருந்தில் வந்து இறங்கி வரிசையாக உள்ளே போகிறார்கள். அந்தக் காட்சிக்காகவே இந்தத் திருவிழாவை யார் குறை சொன்னாலும் எனக்குப் பிடிக்காது. ஆனால் உள்ளூர் அரங்கை நடத்தும் விதத்தில் குறை இருக்கிறது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

முதலில் அரங்கைக் கண்டுபிடிப்பதே ஒரு வேலை. நுழைவாயில் வளைவில் பெயர் இல்லை, வரைபடப் பலகையிலும் இல்லை. கடைசி வரிசையில், தீயணைப்புத் துறையின் விளக்கக் கூடத்துக்கும் ரத்த தான முகாமுக்கும் நடுவில், நீலத் துணி விரித்த மேசைகள் ட வடிவில் போட்டிருக்கின்றன. மேசைக்குப் பின்னால் நாற்காலிகள். எழுத்தாளர்கள் முறை வைத்து வந்து உட்கார்கிறார்கள். காலையில் சிலர், மாலையில் சிலர். யாருடைய புத்தகம் வேண்டுமோ அவர் அந்த நேரத்தில் இருப்பார் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. இருக்கிறவர் இல்லாதவருடைய புத்தகத்தையும் எடுத்துக் காட்டி விளக்குகிறார். இது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஒரு கவிஞர் தன் தொகுப்பை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, "இது அந்தச் செவிலியர் அக்கா எழுதியது, இதை அவசியம் படியுங்க" என்று வேறொருவர் புத்தகத்தை என் கையில் கொடுத்தார். பெரிய கடைகளில் இப்படி யாரும் கொடுக்க மாட்டார்கள்.

நான் அதிக நேரம் நின்றது ஒரு பெரியவரின் முன்னால். பொதுப்பணித் துறையில் லஸ்கராக வேலை பார்த்தவர். ஏரி மதகைத் திறப்பதும் அடைப்பதும், கரையைச் சுற்றி வந்து பார்ப்பதும்தான் லஸ்கர் வேலை. இப்போது அது நீர்வளத் துறை என்று தனியாகிவிட்டது. அவர் ஓய்வு பெற்ற பிறகு, தான் பார்த்துக்கொண்ட ஏரிகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். 112 பக்கம், 130 ரூபாய். ஒவ்வொரு ஏரிக்கும் எத்தனை மதகு, எவ்வளவு ஆயக்கட்டு (ஏரித் தண்ணீர் பாயும் நிலம்), வரத்துக் கால்வாய் எந்த ஊர் வழியாக வருகிறது, ஏரி நிரம்பிக் கலங்கல் வழியாக வழிந்தால் அந்தத் தண்ணீர் அடுத்து எந்த ஏரிக்குப் போய்ச் சேரும் என்று ஒன்றுவிடாமல் இருக்கிறது. வடமாவட்டத்து ஏரிகள் பலவும் சங்கிலித் தொடர்தான். மேல் ஏரி நிரம்பினால்தான் கீழ் ஏரிக்குத் தண்ணீர். நடுவில் ஒரு கால்வாயை மண் போட்டு மூடி வீட்டு மனை பிரித்தால், கீழே இருக்கிற நான்கு ஊர் காயும். மழை கொட்டினால் அதே தண்ணீர் மனைக்குள் வந்து நிற்கும். இதை எல்லோரும் பொதுவாகப் பேசுகிறோம். இவர் எந்த இடத்தில் எந்தக் கால்வாய் எவ்வளவு அகலத்தில் இருந்தது, இப்போது எவ்வளவு இருக்கிறது என்று கையால் வரைந்த படத்தோடு வைத்திருக்கிறார்.

"வாங்கம்மா, உட்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். "உங்க ஊர் எதும்மா?" என்று கேட்டார். சொன்னதும் புத்தகத்தைப் புரட்டி, சரியாக ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். "உங்க ஏரிக்கு மூணு மதகு. நடு மதகு மேட்டு மதகு. 2015 மழையில அந்த மதகுகிட்டதான் கரை கசிஞ்சது. ராத்திரி முழுக்க மணல் மூட்டை அடுக்கினோம்."

"எழுதி வைத்திருந்தீர்களா ஐயா?"

"டைரி போட்டிருக்கேன்மா. மழை அளவு, தண்ணி மட்டம், எந்த ஷட்டர் எத்தனை அங்குலம் தூக்கினோம்னு எழுதித்தான் ஆகணும். அது ஆபீஸுக்கு. நான் எனக்குன்னு இன்னொரு நோட்டும் வச்சிருந்தேன்."

அந்த இன்னொரு நோட்டுதான் இந்தப் புத்தகம். நான் வளர்ந்த ஊர் ஏரியைப் பற்றி எனக்குத் தெரியாததை மூன்று பக்கத்தில் தெரிந்துகொண்டேன். நூலகத்தில் இருந்தபோது, உள்ளூர் வரலாறு வேண்டும் என்று கேட்டு வரும் மாணவர்களுக்கு ஆங்கிலேயர் காலத்து மாவட்டக் கையேட்டின் மறுபதிப்பைத்தான் எடுத்துக் கொடுப்போம். வேறு எதுவும் இருக்காது. இந்தப் பெரியவர் மாதிரி மாவட்டத்துக்கு நான்கு பேர் எழுதினால் போதும், அந்த அலமாரி நிறையும்.

சரி, புத்தகம் எப்படித் தயாராகியிருக்கிறது என்று பார்ப்போம். இது என் தொழில் பழக்கம், விட முடியாது. டெம்மி அளவு, தாள் நல்ல தாள், கண்ணை உறுத்தாத இளமஞ்சள். ஆனால் பைண்டிங் வெறும் பசை. நடுப்பக்கத்தை விரித்துப் பிடித்ததும் முதுகில் ஒரு கோடு விழுந்துவிட்டது. நூலகத்தில் நான்கு பேர் கைமாறினால் தாள் தனித்தனியாக வந்துவிடும். முதுகில் புத்தகத்தின் பெயர் அச்சாகவில்லை. அலமாரியில் நிறுத்தினால் அது என்ன புத்தகம் என்றே தெரியாது. கடைசியில் ஊர்ப்பெயர் அகராதி ஒன்று சேர்த்திருந்தால், தன் ஊர் எந்தப் பக்கம் என்று யாரும் தானே தேடிக்கொள்வார்கள். பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து விரல் வைத்துக் காட்ட வேண்டியதில்லை. அவரிடம் இதைச் சொன்னேன். "டிடிபி பண்ணின தம்பி ஒண்ணும் சொல்லலையேம்மா" என்றார். அடுத்த பதிப்பில் போடச் சொல்லி, எப்படித் தொகுப்பது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அந்தக் கவிஞர் கொடுத்த செவிலியர் புத்தகத்தை வீட்டுக்கு வந்து ஒரே மூச்சில் படித்தேன். கிராம சுகாதாரச் செவிலியராக இருந்தவர். சைக்கிளில் தடுப்பூசிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு போன நாட்கள், பேறுகால வீடுகள், சொட்டு மருந்து போட மறுத்துக் கதவைச் சாத்திய வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசிப் பேசியே கதவைத் திறக்க வைத்தது என்று சின்னச் சின்ன அத்தியாயங்கள். இந்தியாவுக்கு 2014இல் போலியோ இல்லாத நாடு என்ற சான்று கிடைத்ததைப் பத்திரிகையில் ஒரு நாள் செய்தியாகத்தான் படித்தோம். அந்தச் செய்திக்குப் பின்னால் எத்தனை திண்ணைகள் இருந்தன என்று இந்தப் புத்தகத்தில்தான் தெரிகிறது. மொழி மிகச் சாதாரணம், அலங்காரம் எதுவும் இல்லை. ஓர் இடத்தில் பனிக்கட்டி உருகிக்கொண்டிருக்கிறதே, மருந்து வீணாகிவிடுமே என்று பதறிக்கொண்டே, இறங்காத ஆற்று வெள்ளத்தின் இந்தக் கரையில் நிற்பதை ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறார். தேர்ந்த எழுத்தாளர் எழுதியது மாதிரியே இருக்கிறது. விலை 100 ரூபாய். இந்த அரங்கில் ஒரே ஒரு புத்தகம்தான் வாங்க முடியும் என்றால் இதைத்தான் வாங்கச் சொல்வேன்.

கவிதைத் தொகுப்புகள் மேசையில் பாதி. எல்லாவற்றையும் புரட்டினேன். நல்ல வரிகள் அங்கங்கே இருக்கின்றன. ஆனால் தொகுப்பாகச் சேர்ப்பதற்குள் இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கலாம். பக்கத்துக்கு நான்கு வரி, பின்னணியில் ரோஜாப் படம், வாழ்த்துரை மட்டும் பதினெட்டுப் பக்கம் என்று ஒரு தொகுப்பு. அந்த வாழ்த்துரைகளை ஒரு பக்கத்தில் அடக்கியிருந்தால் விலையிலும் முப்பது ரூபாய் குறைந்திருக்கும், கவிதையும் முன்னால் வந்திருக்கும். கோயில் தலபுராணம், சித்த மருத்துவக் குறிப்பு, போட்டித் தேர்வுக் கையேடு ஆகியவையும் உண்டு. மருத்துவக் குறிப்புகளை மட்டும் வாங்கும்போது கவனமாக இருங்கள். எங்கிருந்து எடுத்தார், யார் சரிபார்த்தார் என்று எதுவும் போடாமல் அளவு மட்டும் போட்டிருக்கிறது ஒன்றில். கல்வெட்டு பற்றிய புத்தகம் ஒன்றும் அப்படித்தான். வாசகம் இருக்கிறது, தொல்லியல் துறை ஆண்டறிக்கையில் அந்தக் கல்வெட்டுக்குக் கொடுத்த எண் இல்லை. உழைப்பு நிறைய தெரிகிறது, ஆனால் எண் இல்லாமல் அதை யாரும் மேற்கோள் காட்ட முடியாது. எழுதியவர் இளைஞர், கேட்டதும் கைப்பேசியில் இருந்த படங்களை எடுத்து ஒவ்வொரு எண்ணாகக் காட்டினார். எல்லாம் அவரிடம் இருக்கிறது, புத்தகத்தில்தான் இல்லை.

சிறுவர் கதைகள் இரண்டு மூன்று நன்றாக இருந்தன. அதில் ஒன்று, அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர் தன் வகுப்புப் பிள்ளைகள் சொன்ன கதைகளை அவர்கள் பேச்சிலேயே எழுதி, படமும் அவர்களையே வரைய வைத்தது. கதை சொன்ன பிள்ளைகள் இரண்டு பேர் மேசைக்குப் பின்னால் நின்று கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். உண்டியலோடு வந்த ஒரு பையன் அதை மேசை மேல் கவிழ்த்துச் சில்லறையை எண்ணினான். மூன்று ரூபாய் குறைந்தது. கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த பெண் பிள்ளை டீச்சர் முகத்தைப் பார்த்தாள், டீச்சர் தலையாட்டினார், புத்தகம் கைமாறியது. நான்காம் வகுப்புப் படிக்கிற பிள்ளை எழுதிய புத்தகத்தை ஐந்தாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை காசு கொடுத்து வாங்குகிறான். இதற்காகவே இந்த அரங்கை நுழைவாயில் பக்கம் கொண்டுவர வேண்டும்.

பிழைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உள்ளூர்ப் புத்தகங்களில் எழுத்தைவிட அச்சுக்கோப்புதான் காலை வாருகிறது. பழைய எழுத்துருவில் அடித்ததை யூனிகோடுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறிவிடுகின்றன. துணைக்கால் வர வேண்டிய இடத்தில் 'ர' வந்து உட்கார்ந்திருக்கிறது, அவசரமாகப் பார்த்தால் கண்ணுக்கே தெரியாது. ஒற்றுப் பிழை போகட்டும், அது பெரிய பதிப்பகங்களிலும் இருக்கிறது. மெய்ப்புப் பார்ப்பதற்கு ஓர் ஆளுக்குக் காசு கொடுங்கள் என்று எழுத்தாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அட்டைக்குச் செலவழிப்பதில் பாதி போதும். இப்போது தேவைக்கு ஏற்ப ஐம்பது பிரதி, நூறு பிரதி என்று அச்சடிக்கும் வசதி வந்துவிட்டதால், முதல் ஐம்பதில் பிழையைப் பார்த்து அடுத்த ஐம்பதில் திருத்தவும் முடியும்.

இன்னொன்று ஐஎஸ்பிஎன், அதாவது ஒவ்வொரு புத்தகத்துக்கும் தனியாகத் தரப்படும் சர்வதேச எண். மேசையில் இருந்த பல புத்தகங்களில் அந்த எண் இல்லை. "அதுக்கு நிறையச் செலவாகும்னு சொன்னாங்க" என்றார் ஒருவர். செலவே கிடையாது. டெல்லியில் இருக்கும் ராஜா ராம்மோகன் ராய் ஐஎஸ்பிஎன் முகமை இலவசமாகத்தான் தருகிறது, தானே பதிப்பிக்கும் ஆசிரியருக்கும் தருகிறது, இணையத்தில் விண்ணப்பித்தால் போதும். கிடைக்கச் சில வாரம் ஆகலாம் என்பதால் அச்சுக்குக் கொடுக்கும் முன்பே கேட்டுவிட வேண்டும். காசு வாங்கிக்கொண்டு எண் வாங்கித் தருகிறேன் என்று சொல்கிறவர்களை நம்ப வேண்டாம். அப்புறம், 1954ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி, வெளியான முப்பது நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா உட்பட நான்கு நூலகங்களுக்கு ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும். இது தெரிந்தவர் அந்த மேசையில் ஒருவர்கூட இல்லை. அந்த லஸ்கர் ஐயாவின் புத்தகம் கன்னிமாராவில் ஒரு பிரதி இருந்துவிட்டால், ஐம்பது வருடம் கழித்து யாராவது ஏரியைத் தேடி வரும்போது அது கிடைக்கும். வீட்டுப் பரணை நம்ப முடியாது. சட்டத்துக்குப் பயந்து அனுப்பச் சொல்லவில்லை, புத்தகம் பிழைக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி நடத்துகிறவர்களுக்கு. விற்பனை முறைதான் இந்த அரங்கின் பெரிய குறை. எழுத்தாளர் கையில் காசு வாங்கக் கூடாதாம், பொதுவான பில் மேசையில்தான் போட வேண்டும். அந்த மேசை இரண்டு வரிசை தள்ளி இருக்கிறது. புத்தகத்தை எடுத்துக்கொண்டு அங்கே போய், வரிசையில் நின்று, பில் வாங்கி, திரும்பி வந்து கையெழுத்து வாங்க வேண்டும். நான் நின்ற நேரத்திலேயே புத்தகத்தைக் கையில் எடுத்தவர்களில் பாதிப் பேர் "அப்புறம் வர்றேன்" என்று வைத்துவிட்டுப் போனார்கள். கியூஆர் அட்டை ஒன்றை இந்த மேசையிலேயே ஒட்டி, ஒரு தன்னார்வலரைப் பில் புத்தகத்தோடு உட்கார வைத்தால் தீர்ந்தது. விற்ற பணம் எழுத்தாளருக்குத் திருவிழா முடிந்த பிறகுதான் வருமாம். சொந்தக் காசில் அச்சடித்தவர்களுக்கு அது நீண்ட காத்திருப்பு, தினமும் மாலை கணக்கு முடித்துக் கொடுக்கலாம்.

அடுக்கும் முறையும் சரியில்லை. ஆசிரியர் பெயர் அகர வரிசைப்படி வைத்திருக்கிறார்கள். ஆசிரியர் பெயரே தெரியாமல் வருகிறவர்களுக்கு அது எப்படி உதவும்? பொருள் வாரியாக, அதிலும் வட்டம் வாரியாக வைத்தால், "எங்க பக்கத்துல எழுதினது எது?" என்று கேட்டு வருகிறவர் நேராகப் போவார். ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர் உண்டு என்று சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931இலேயே நூலக விதியாக எழுதி வைத்தார். அந்த வாசகரையும் நூலையும் சேர்த்து வைப்பது அடுக்குகிறவர் வேலை. ஊருக்கு ஒரு நூலகர் இருக்கிறார்கள், கூப்பிட்டால் மகிழ்ச்சியாக வந்து அடுக்கிக் கொடுப்பார்கள். ஒரு பட்டியலும் அச்சிட்டுக் கொடுங்கள், இரண்டு தாள் போதும். திருவிழா முடிந்தபின் எந்தப் புத்தகத்தை யாரிடம் கேட்பது என்று தெரியாமல் போவதால்தான் இவை காணாமல் போகின்றன.

மேடை நேரம் பற்றியும் ஒரு வார்த்தை. மாலை ஆறரைக்குப் பட்டிமன்றம், அதற்கு ஊரே திரண்டு வருகிறது. உள்ளூர் எழுத்தாளர்களின் நூல் அறிமுகத்தைப் பிற்பகல் மூன்று மணிக்கு, தகரக் கூரை கொதிக்கும்போது வைத்திருக்கிறார்கள். ஆளுக்கு ஐந்து நிமிடம், அதில் மூன்று நிமிடம் பொன்னாடை போர்த்துவதிலேயே போய்விடுகிறது. பொன்னாடைக்குப் பதிலாக அவர்கள் புத்தகத்தில் இருந்து ஒரு பக்கத்தை வாசிக்க விடலாமே. பட்டிமன்றம் தொடங்கும் முன் பத்து நிமிடம் அந்தச் செவிலியர் ஆற்றங்கரைப் பகுதியை வாசித்திருந்தால், கூட்டம் அப்படியே எழுந்து மேசைக்கு வந்திருக்கும்.

போகிறவர்களுக்கு: ஞாயிறு மாலை வேண்டாம், நெரிசலில் யாரிடமும் பேச முடியாது. வார நாளில் காலை பதினொரு மணிக்கு, பள்ளிப் பிள்ளைகள் ஒரு சுற்று முடித்துப் போனதும் போங்கள். மேசையில் இருப்பவர் யாராக இருந்தாலும் உங்கள் ஊரைச் சொல்லி, அதைப் பற்றி யார் எழுதியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். ஐநூறு ரூபாய் இருந்தால் நல்ல புத்தகமாக நான்கு வாங்கலாம். சில்லறையாக எடுத்துப் போனால் பில் மேசையில் சீக்கிரம் வேலை முடியும். எழுத்தாளர் அந்த நேரம் இல்லையென்றால் முகவரிப் பக்கத்தில் இருக்கும் எண்ணுக்குப் படித்து முடித்ததும் கூப்பிட்டுச் சொல்லுங்கள். நான் செவிலியர் அம்மாவைக் கூப்பிட்டபோது அவர் முதலில் கேட்டது, "எந்த அத்தியாயம் சரியா வரலைன்னு சொல்லுங்க" என்பதுதான். இரண்டாவது புத்தகம் எழுதிக்கொண்டிருக்கிறாராம். மெய்ப்பை என்னிடம் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.